மாண்டிசோரி அம்மையாரும் மரக்கட்டைகளும்

காங்கேயத்திலும் அதைச் சுற்றியுள்ள கொங்கு நாட்டு ஊர்களிலும் மாண்டிசோரி என்ற சொல்லை அறியாத பெற்றோர் இன்று அநேகமாக இல்லை. குழந்தைப் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் அச்சொல் விளங்குகிறது. அதற்கு யாரும் தனியுரிமை கொண்டாட முடியாதாகையால், முறை தெரிந்தவரும் தெரியாதவரும் எழுதிக்கொள்ளுகிறார்கள். அது உயர்ந்த கட்டணத்துக்கு அடையாளமென்று பலரும், ஆங்கிலப் பேச்சுக்கு அடையாளமென்று சிலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஒரு ஸ்திரீயின் பெயர். அவர் ஆங்கிலேயருமல்லர், நம் நாட்டில் ஆங்கிலத்தில் பிரசங்கம் செய்தவருமல்லர். கூலிக்காரர்களின் குழந்தைகளுக்காகத் தம் முதல் பள்ளியைத் திறந்தவர். சென்னையிலும் கோடைக்கானலிலும் பல வருஷம் வசித்தவர். ஆங்கிலேய சர்க்காரால் விரோதி நாட்டாரென்று கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டவர். இவ்வளவும் மறந்துபோய்ப் பலகையும் கட்டணமும் மட்டும் மிஞ்சி நிற்பதால், அவருடைய சரித்திரத்தை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மரியா மாண்டிசோரி 1870-ம் வருஷம் ஆகஸ்டு 31-ந் தேதி இத்தாலியில் அங்கோனா நகருக்கு அருகிலுள்ள கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். அவர் பிறந்து இருபது நாட்களில் இத்தாலியப் படை ரோமாபுரிக்குள் புகுந்தது. சிதறிக் கிடந்த இத்தாலி ஒரே தேசமாகும் வேலை முற்றுப்பெற்றது. புதிய தேசத்தின் முதல் தலைமுறைக் குழந்தை அவர். தகப்பனார் சர்க்கார் உத்தியோகஸ்தர்; பழைய வழக்கங்களை விடாதவர். தாயார் புஸ்தகப் பற்றுடையவர். மகள் பதின்மூன்றாவது வயதில் ஆண் பிள்ளைகளுக்குரிய தொழிற் பள்ளியில் சேர்ந்து கணிதம் படித்தார். எஞ்சினீயராக வேண்டுமென்பது அவருடைய முதல் எண்ணம். பிறகு வைத்தியம் படிக்க வேண்டுமென்று தீர்மானித்தபோது தகப்பனார் தடுத்தார். தாயார் பக்கம் நின்றார். ரோமாபுரி சர்வகலாசாலையில் பிரேத பரிசோதனையை ஆண் மாணவர்களோடு சேர்ந்து பார்ப்பது தகாதென்று, மற்றவர்கள் போன பிறகு தனியே செய்யும்படி விட்டார்கள். அவ்விதமே படித்து 1896-ல் டாக்டர் பட்டம் பெற்றார். இத்தாலியில் வைத்தியப் பட்டம் பெற்ற முதல் சில பெண்களில் அவர் ஒருவர். அதே வருஷம் பெர்லினில் நடந்த மாதர் மகாநாட்டுக்கு இத்தாலியின் பிரதிநிதியாகச் சென்று, சம வேலைக்குப் பெண்ணுக்கும் சம கூலி வேண்டுமென்று பேசினார்.

பட்டம் பெற்ற பிறகு மனநோய் வைத்தியசாலையில் வேலை கிடைத்தது. அக்காலத்தில் புத்தி வளராத குழந்தைகளையும் பைத்தியக்காரர்களையும் ஒரே விடுதியில் அடைத்து வைப்பது வழக்கம். சாப்பாடு முடிந்ததும் தரையில் விழுந்த ரொட்டித் துணுக்குகளைக் குழந்தைகள் பொறுக்கி உருட்டி விளையாடுவதைக் கண்டு, காவல்காரி அவர்களை வயிற்றாசை பிடித்தவர்களென்று இகழ்ந்ததாகச் சொல்வார்கள். டாக்டர் மாண்டிசோரிக்கு வேறு எண்ணம் தோன்றியது. அந்த அறையில் கையால் தொடுவதற்கு வேறு ஒரு பொருளுமில்லை. பசித்தது வயிறல்ல, கை என்று அவர் கண்டார். இதார், செகன் என்ற பிரெஞ்சு வைத்தியர்கள் இருவர் இத்தகைய குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்த நூல்களைத் தேடிப் படித்தார். செகனுடைய சாமான்களைத் திருத்தியும் புதியவற்றைச் சேர்த்தும் கற்பித்தார். உதவாதவர்களென்று தள்ளப்பட்ட பிள்ளைகளில் சிலர் சாதாரணப் பிள்ளைகளுக்குரிய சர்க்கார் பரீட்சையில் தேறிவிட்டார்கள். ஊரார் வியந்தார்கள். அவரோ, இவர்கள் தேறியது ஆச்சரியமல்ல, நல்ல புத்தியுள்ள பிள்ளைகள் இவர்கள் அளவோடு நிற்கும்படி நம் பள்ளிக்கூடங்கள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று விசாரிக்கத் தொடங்கினார். அவருடைய வாழ்வு முழுவதும் இந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது.

ரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது ஏழைகளின் சேரி. அங்கே இடிந்து கிடந்த கட்டடங்களை ஒரு கம்பெனியார் பழுது பார்த்துக் கூலிக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். தாய் தந்தையர் விடியற்காலையில் வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் படிகளில் ஓடிப் புதுச் சுவர்களைக் கிறுக்கினார்கள். சுவர்களைக் காப்பாற்றுவதற்காகவே பிள்ளைகளை ஓர் அறையில் சேர்த்து வைக்கக் கம்பெனியார் நினைத்தார்கள். கல்வித் தொண்டு அவர்கள் கருத்தில் முதலில் இல்லை. 1907-ம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி அந்த அறை திறக்கப்பட்டது. ஏறக்குறைய ஐம்பது குழந்தைகள்; பயந்து அழுதவர்கள்; எழுத்தறியாப் பெற்றோரின் மக்கள். பயிற்சி பெற்ற உபாத்தியாயினியைச் சம்பளம் கொடுத்து வைக்கப் பணமில்லை. டாக்டர் மாண்டிசோரி தம்மிடமிருந்த கட்டைகளையும் அட்டைகளையும் அங்கே கொண்டுபோய் வைத்தார். குழந்தைகளின் இல்லம் என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

அங்கே நடந்தவற்றில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று, பலகையிலுள்ள குழிகளில் வெவ்வேறு பருமனுள்ள மர உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தது. பொருத்தி முடித்ததும் எடுத்துக் கலைத்தது, மறுபடி பொருத்தியது. அம்மையார் எண்ணத் தொடங்கினார். மற்றக் குழந்தைகளைச் சுற்றிலும் பாடி ஆடச் சொன்னார். அது நிமிர்ந்து பார்க்கவில்லை. அதன் நாற்காலியையே தூக்கி மேஜைமேல் வைத்தார். கட்டைகளை மடியில் வாரி வைத்துக்கொண்டு மறுபடி வேலையைத் தொடங்கியது. 40 தடவைக்கு மேல் செய்த பிறகு, யாரும் சொல்லாமல், தூங்கி எழுந்தது போல் நிமிர்ந்து சிரித்தது. குழந்தைக்குக் கவனமில்லை என்று பிரம்பெடுக்கும் உபாத்தியாயர் இதை யோசிக்க வேண்டும்.

இனி அந்தக் கட்டைகளை நம் வாசகர்கள் சற்று விவரமாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் சரித்திரத்தின் சாரம் அவற்றில் இருக்கிறது. முதலாவது, பத்துக் கனசதுரக் கட்டைகள். மிகச் சிறியது ஒரு சென்டிமீட்டர். மிகப் பெரியது பத்து சென்டிமீட்டர். எல்லாம் ஒரே நிறம், ஒரே மரம், ஒரே உருவம். அளவு ஒன்றுதான் வேறு. குழந்தை பெரியதன் மேல் சிறியதாக அடுக்கிக் கோபுரம் கட்டுகிறது. வரிசை தவறினால் கோபுரமே சொல்லிவிடுகிறது. உபாத்தியாயர் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மூலையோடு மூலை சேர்த்து அடுக்கினால் எதிர்ப் பக்கங்களில் படிபோல் இடம் விடும்; அந்தப் படியின் அகலம் எங்கும் மிகச் சிறிய கட்டையின் அளவே. அடுத்தது, ஒரே நீளமும் பத்துவிதப் பருமனுமுள்ள கட்டைகள். அவற்றால் படிக்கட்டு அமையும். பிறகு பத்துச் சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை நீளும் பத்துக் கோல்கள். பெரியது சிறியது, தடித்தது மெலிந்தது, நீண்டது குட்டையானது என்ற சொற்களெல்லாம் கையின் வழியாகவே நாவுக்கு வருகின்றன. உருளைகளின் குமிழை மூன்று விரலால் பிடித்த கைக்குப் பின்னால் எழுதுகோல் பிடிக்கக் கற்பிக்க வேண்டியதில்லை. உப்புக் காகிதத்தில் வெட்டி ஒட்டிய எழுத்துக்களை விரலால் தடவிப் பழகிய நான்கு வயதுக் குழந்தைகள் சான் லொரென்சோவில் ஒருநாள் தாமாகவே எழுதத் தொடங்கினார்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி விரலால் அகரம் எழுதியதும் இதே வித்தைதான்.

கோல்களில் சிவப்பும் நீலமுமாகப் பத்துச் சென்டிமீட்டருக்கு ஒரு நிறம் மாற்றித் தீட்டினால் அவையே எண்களாகிவிடுகின்றன. ஒன்பதின் பக்கத்தில் ஒன்றை வைத்தால் பத்து. எட்டோடு இரண்டு, ஏழோடு மூன்று, ஆறோடு நான்கு. ஐந்து மட்டும் துணையின்றி நிற்கும். முழுப் பத்தையும் சேர்த்து ஐந்து பத்தும் ஓர் ஐந்தும், ஆக 55 என்பது பாய்விரித்தாற்போல் தரையில் தெரிகிறது. மேற்சொன்ன கோபுரத்தின் பத்துக் கட்டைகளையும் மிகச் சிறிய கட்டையின் அளவுக்கு அறுப்பதாக வைத்துக்கொண்டால் 3025 துண்டுகள் வரும். 3025 என்பது 55-ஐ 55-ஆல் பெருக்கிய தொகை! கோல்கள் சொன்ன எண்ணையே கோபுரமும் வேறு விதமாகச் சொல்லுகிறது. கனங்களின் கூட்டுத் தொகை எண்களின் கூட்டுத் தொகையின் வர்க்கமாகும் என்பது ஆரியபட்டர் 499-ல் சூத்திரமாக எழுதி வைத்த உண்மை. நம் பையன்கள் பதினைந்து வயதில் அதை மனப்பாடம் செய்து பரீட்சை முடிந்ததும் மறக்கிறார்கள்.

இன்னொரு பெட்டியில் எட்டுத் துண்டுகள் இருக்கும். ஒரு சிவப்புக் கனசதுரம், ஒரு நீலக் கனசதுரம், சிவப்பு முகமுள்ள தட்டைகள் மூன்று, நீல முகமுள்ள தட்டைகள் மூன்று. நிறத்தோடு நிறம் சேர வைத்தால் எட்டும் கூடி ஒரே பெரிய கனசதுரமாகும். நான்கு வயதுக் குழந்தைக்கு அது வெறும் புதிர். எட்டு வருஷம் கழிந்து பீஜகணிதத்தில் இரண்டு எண்களின் கூட்டுத் தொகையைக் கனமாக்கும் பாடம் வரும்போது, அந்த மும்மூன்று எங்கிருந்து வந்தனவென்று அப்பிள்ளை உபாத்தியாயரைக் கேட்க வேண்டியதில்லை. அவற்றைத் தன் கையால் பெட்டியில் அடுக்கியிருக்கிறது. மூன்று எண்களுக்கு 27 துண்டுகளுள்ள பெட்டியும் உண்டு.

இதெல்லாம் சீமைச் சரக்கென்று நம் ஜனங்கள் எண்ண வேண்டாம். நம் கொத்தனார் கட்டும் சுவரைப் பாருங்கள். நாட்டுச் செங்கல், சாந்தின் கனத்தையும் சேர்த்து, ஒன்பது அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், மூன்று அங்குல உயரம் என்பது பழைய கணக்கு. அகலம் இரண்டு சேர்ந்தால் நீளம். உயரம் மூன்று சேர்ந்தாலும் நீளம். ஆறு கற்களை அடுக்கினால் எப்பக்கமும் ஒன்பது அங்குலமுள்ள கனசதுரம் கிடைக்கும். அரைக் கல், முக்கால் கல் என்று கரண்டியால் தட்டி உடைத்து மூலை சேர்க்கும் கொத்தனாருக்குப் பின்னக் கணக்கு கையிலே இருக்கிறது. மாட்டுத் தாவணியில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து ஆயிரக் கணக்கில் விலை பேசி முடிக்கும் காங்கேயத்துக் குடியானவருக்கும் எண் கையிலேதான் இருக்கிறது. பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்லுகிறார். திமிலைத் தடவித் தரம் சொல்லுகிறார். அவர் மகனோ பள்ளியில் கையைக் கட்டிக்கொண்டு வாய்ப்பாடு ஒப்பிக்கிறான். செங்கற் சூளைகளுக்குக் குடும்பத்தோடு கூலிக்கு வருபவர்களின் பிள்ளைகள் கதி இன்னும் மோசம். பச்சைக் கல்லைத் திருப்பிக் காயப்போடுவதில் அவர்கள் பொழுது கழிகிறது. கல் அவர்கள் கைக்குச் சுமையாக மட்டுமே வந்து சேர்கிறது.

கட்டைகளைக் கல்விக்குக் கொண்டுவந்தவர் அம்மையார் ஒருவரே என்று சொல்வது நியாயமாகாது. அவருக்கு முன்பே ஜெர்மனியில் பிரடெரிக் புரோபெல் என்பவர் எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு மரக் கனசதுரத்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1840-ல் தம் பள்ளிக்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பெயரிட்டார். 1851-ல் பிரஷ்ய சர்க்கார் அப்பள்ளிகளைத் தடை செய்தது. கட்டை அடுக்கும் குழந்தைகளைக் கண்டு ஒரு ராஜாங்கம் பயந்தது! புரோபெலின் கட்டை குழந்தையின் இஷ்டப்படி வீடாகும், குதிரையாகும், ரயிலாகும். மாண்டிசோரி அம்மையாரின் கட்டையோ கட்டைதான். அதைக் குதிரையாக்குவதை அவர் விரும்பவில்லை. 1914-ல் அமெரிக்கப் பேராசிரியர் கில்பாட்ரிக் இக்குறையை எடுத்துக்காட்டி எழுதியபின் அந்நாட்டில் அம்மையாரின் செல்வாக்கு வெகுவாகக் குறைந்தது. நம் அபிப்பிராயத்தில் பேராசிரியர் சொன்னதில் பாதி சரி. கூழாங்கல்லை அடுக்கிக் கோயில் கட்டி, அதற்குத் தேரும் இழுக்கும் குழந்தையின் கற்பனையை எந்த முறையும் தடுக்கக் கூடாது. ஆனால் அளவும் எண்ணும் ஐயமறத் தெரிவதற்கு அம்மையாரின் கட்டைகளைப் போன்ற சாதனம் வேறு நாம் அறியோம். 2006-ல் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில், இம்முறைப் பள்ளியில் சீட்டுக் குலுக்கி இடம் பெற்ற பிள்ளைகளையும் இடம் பெறாத பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். ஐந்து வயதில் எழுத்தறிவிலும் கணக்கிலும் இடம் பெற்றவர்களே முந்தியிருந்தார்கள்.

அம்மையாரின் சொந்த வாழ்வில் ஒரு பெருந்துயரம் இருந்தது. உடன் வேலை செய்த டாக்டர் மாண்டெசானோ மூலம் 1898-ல் அவருக்கு மாரியோ என்ற மகன் பிறந்தான். விவாகம் நடக்கவில்லை. அக்காலத்துச் சமூகம் இதை அறிந்தால் உத்தியோகமும் போய்விடும். ஆகையால் குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்தாரிடம் விட்டு வளர்த்தார். தாயார் இறந்த பிறகு, மகனுக்குப் பதினைந்து வயதாகும் தறுவாயில் தம்மோடு அழைத்துக்கொண்டார். உலகுக்கு அவனை உறவினனென்றே சொல்லி வந்தார். பிறர் குழந்தைகளுக்காக வாழ்ந்த தாய் தம் குழந்தையைத் தம் குழந்தையென்று சொல்ல முடியாதிருந்தார்.

1909-ல் அவருடைய நூல் வெளிவந்தது. பல பாஷைகளில் பெயர்க்கப்பட்டது. 1915-ல் சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவருக்குள் குழந்தைகள் கட்டை அடுக்குவதை ஜனங்கள் கூட்டங்கூட்டமாகப் பார்த்தார்கள். இத்தாலியில் முசோலினி முதலில் அவரை ஆதரித்தார். அந்த ஆதரவை அம்மையார் ஏற்றது அவர்மேல் சொல்லக்கூடிய குற்றமே. பிள்ளைகளைப் பட்டாளமாக்க விரும்பிய சர்வாதிகாரிக்கும், தானே யோசிக்கும் பிள்ளையை விரும்பிய அம்மையாருக்கும் உறவு நிலைக்கவில்லை. 1934-ல் பிரிந்தார், இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் நாஜிகள் முன்னமே மூடியிருந்தார்கள். ஸ்பெயினில் தங்கினார், 1936-ல் உள்நாட்டு யுத்தம் அங்கிருந்தும் துரத்தியது, ஹாலந்து தேசம் இடம் கொடுத்தது.

இதற்கிடையில் 1931-ம் வருஷம் அக்டோபர் 28-ந் தேதி, வட்டமேஜை மகாநாட்டுக்காக லண்டன் சென்றிருந்த காந்தியடிகள் அங்குள்ள மாண்டிசோரி போதனாசாலைக்கு விஜயம் செய்து பேசினார். இத்தகைய பயிற்சி பணக்காரர் பிள்ளைகளுக்கு மட்டுமின்றிப் பரம ஏழைகளின் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டுமென்று அங்கே தம் விருப்பத்தைச் சொன்னார். 1937-ல் வார்தாவில் அவர் வகுத்த ஆதாரக் கல்வியிலும் கைதான் முதல் உபாத்தியாயர். கட்டைக்குப் பதில் தக்ளி. கொங்கு நாட்டில் இந்த ஆதாரக் கல்விக்கு உழைத்தவர் ஸ்ரீ தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். 1930-ல் கோவையில் வித்தியாலயம் தொடங்கிய அவர், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி மந்திரியாகவும் இருந்தார்.

பிரம்மஞான சபைத் தலைவர் அரண்டேல் அவர்களும் ஸ்ரீமதி ருக்மிணி தேவியும் அழைக்க, 1939-ம் வருஷம் நவம்பர் மாதம் அம்மையார் மகனுடன் சென்னை வந்து சேர்ந்தார். வயது 69. அடையாற்றில் கீற்றுக் கொட்டகைகளில் போதனை நடந்தது. தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் ஏறக்குறைய முந்நூறு பேர் வந்தார்கள். அம்மையார் இத்தாலிய பாஷையில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் சொன்னார். 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் இருவரும் விரோதி நாட்டாராகிவிட்டார்கள். முசோலினியை விட்டு வந்தவரை முசோலினியின் பிரஜை என்று சர்க்கார் கட்டுப்படுத்தியது. அம்மையார் அடையாறு எல்லைக்குள் இருக்க வேண்டும். மாரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு வருஷம் கழித்து நேரு முதலிய நம் தலைவர்களை அடைத்து வைத்ததும் அவ்வூர்க் கோட்டையில்தான். அவ்வருஷம் ஆகஸ்டு 31-ந் தேதி அம்மையாருக்கு எழுபது வயது நிறைந்தது. அன்று வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. அவருடைய மகனை விடுதலை செய்வதே தகுந்த பிறந்தநாள் பரிசென்று கருதியதாக அதில் கண்டிருந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் தாயும் மகனும் ஊரறியச் சொல்லாத உறவை ஒரு சர்க்கார் தந்தி சொல்லிவிட்டது.

யுத்த பயத்தால் 1942-ல் கோடைக்கானல் சென்றார்கள். அங்கே பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்தார்கள். இலையும் பூச்சியும் ஓடை நீரும் கட்டைகளோடு சேர்ந்தன. செடியியல், பூகோளம், க்ஷேத்திர கணிதம் ஆகியவற்றுக்கான பல புதிய சாதனங்கள் நம் பழனி மலைகளில்தான் உருவாயின. 1946-ல் ஐரோப்பா திரும்பியபோது நம் தேசத்தில் அவரிடம் பயின்ற உபாத்தியாயர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்தார்கள்.

அதற்கு மேல் இங்கே நடந்ததை நினைத்தால் மனம் நோகிறது. சேரியில் பிறந்த முறை நகரங்களில் சம்பளம் கொடுக்கக் கூடியவர்களின் பிள்ளைகளுக்குச் சொந்தமாயிற்று. கிராமத்துப் பள்ளிக்கு அது அறுபது வருஷம் வந்து சேரவில்லை. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் அம்மையாரின் முறையை ஓரளவு தழுவிய கல்வி தொடங்கியது. 2007-08-ல் தமிழ்நாட்டின் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளெல்லாவற்றுக்கும் அது பரவியது. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளையும் மணிகளையும் கையாண்டார்கள். உபாத்தியாயரும் தரையில் உட்கார்ந்தார். 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்திருக்கிறது. இவை நல்ல முயற்சிகளே. ஆனால் கட்டைப் பெட்டி அழுக்காகுமென்று பீரோவில் பூட்டி வைக்கப்படும் பள்ளியில், பெட்டி இருந்தும் பயனில்லை. பணமில்லையென்று சொல்வதும் பொருந்தாது. காங்கேயத்துத் தச்சர் ஒருவருக்கு வேப்பம் பலகையும் சரியான அளவும் கொடுத்தால் பத்துக் கட்டைகளும் பத்துக் கோல்களும் செய்து தருவார். அளவு மட்டும் மயிரிழை பிசகக் கூடாது. பிசகினால் கோபுரம் பொய் சொல்லும்.

அம்மையார் சுதந்திரம் வந்த பிறகும் நம் தேசத்துக்கு வந்து 1949 வரை போதனை செய்தார். அகமதாபாத்தில் செய்த பிரசங்கங்கள் 1949-ல் அடையாற்றில் புஸ்தகமாக வெளிவந்தன. சமாதானத்துக்கான நோபெல் பரிசுக்கு 1949, 1950, 1951 ஆகிய மூன்று வருஷங்களிலும் அவர் பெயர் சொல்லப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. அவரை வெளியேற்றிய இத்தாலி 1990-ல் தன் ஆயிரம் லிரா நோட்டில் அவர் முகத்தை அச்சிட்டது. 1952-ம் வருஷம் மே 6-ந் தேதி, ஹாலந்தில் நூர்ட்விக் என்ற கடற்கரையூரில், மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டிலிருந்து உபாத்தியாயர்களைப் பயிற்றுவிக்க வந்த அழைப்பைப் பற்றி மகனோடு பேசிக்கொண்டிருந்தார். வயது 81, இந்த வயதில் அவ்வளவு தூரம் போக வேண்டாமென்று மாரியோ தடுத்தார். அவர் அறையை விட்டுச் சிறிது வெளியே சென்று திரும்பி வருவதற்குள் அம்மையாரின் உயிர் பிரிந்திருந்தது. அவ்வூரிலேயே அடக்கம் செய்தார்கள். உயிலில் மாரியோவைத் தம் மகனென்று எழுதியிருந்தார்.